நம்மவர் என்பதே தகுதி ஆகாது

இந்திய அணி எந்த விளையாட்டில் தோற்றாலும் சரி, அதன் பயிற்சியாளர் வெளிநாட்டவராக இருந்துவிட்டால் மறுநாளே ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது. நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டில் பயிற்சி கொடுக்க ஒருவர்கூடக் கிடைக்கவில்லையா? முன்னாள் வீரர்கள் கேட்கிறார்கள், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கிறார்கள், டீக்கடையில் நாளிதழைப் புரட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் ரோஷமாகவும் இருப்பதால் எதிர்த்துப் பேச யாரும் முன்வருவதில்லை. தேசிய அணிக்கு இந்த நாட்டவர்தான் பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்தாகிவிட்டது. அது தவறான கருத்து. நம் வீரர்களுக்குக் கேடு செய்கிற கருத்தும்கூட.

2025 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்து அணிக்குக் காலித் ஜமீல் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த இந்தியர் என்று பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியவர்தான். மிசோரத்தின் சின்னஞ்சிறு ஐஸ்வால் அணியை 2017-ல் ஐ-லீக் சாம்பியனாக்கிக் காட்டியவர். ஆனால் பலர் கொண்டாடியது ஐஸ்வாலை அல்ல, அவருடைய பாஸ்போர்ட்டை. இரண்டே மாதத்தில், அக்டோபர் 14 அன்று, மார்கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பை இழந்தோம். அதற்குக் காலித் இந்தியர் என்பது காரணமல்ல. அதே ஆண்டு ஜூனில் நாம் ஹாங்காங்கிடம் தோற்றபோது பயிற்சியாளராக இருந்த மனோலோ மார்க்கேஸ் ஸ்பெயின்காரர் என்பதும் அந்தத் தோல்விக்குக் காரணமல்ல. இந்தச் சாதாரண உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் நமக்கு மனம் வரவில்லை.

ஓர் அணியின் பயிற்சியாளரை எந்த நாட்டவர் என்று பார்க்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் பின்தங்கியிருக்கிற ஆட்டங்களில் முதலில் வெளியே தேட வேண்டும், தயக்கமில்லாமல், வெட்கமில்லாமல். இதுதான் என் நிலை. இதற்கு ஹாக்கியைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

ஒலிம்பிக் ஹாக்கியில் 1928-லிருந்து 1980 வரை எட்டுத் தங்கம் வென்ற நாடு இது. கடைசித் தங்கத்தை மாஸ்கோவில் வென்ற அணியின் கேப்டன் நம் சென்னைக்காரர் வி.பாஸ்கரன். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று வரிசையாகப் பாருங்கள். 1984-ல் ஐந்தாம் இடம், 1988-ல் ஆறு, 1992-ல் ஏழு, 1996-ல் எட்டு, 2000-ல் மறுபடி ஏழு. படிப்படியாக இறங்கிய அந்த இருபது ஆண்டுகளில் ஆடவர் அணிக்கு ஒரு வெளிநாட்டவர்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அத்தனை பேரும் நம்மவர்கள். அவர்களில் பலர் மிகப் பெரிய வீரர்கள். புல்தரையில் பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடிய கைகள் அவர்களுடையவை. ஆனால் 1976 மாண்ட்ரியலிலேயே ஆட்டம் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. பந்தின் வேகம் மாறியது, ஓட வேண்டிய தூரம் மாறியது, பெனால்டி கார்னர் தனிக்கலையாகவே வளர்ந்தது. அந்த மாற்றத்தை ஆஸ்திரேலியர்களும் டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தார்கள். நாம் பழைய பெருமையைப் பேசிக்கொண்டிருந்தோம். 2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 2-0 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்கிற்கே தகுதிபெறாமல் போனோம். அன்றைக்கும் பயிற்சியாளர் இந்தியர், ஒலிம்பிக் ஆடியவர்.

எதிர்த்தரப்புக்கு இங்கே ஒரு பதில் உண்டு. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் மட்டும் கிழித்தார்களா என்று கேட்பார்கள். 2004 ஏதென்ஸில் ஜெர்மானியர் கெர்ஹார்ட் ராக் இருந்தார், ஏழாம் இடம்தானே? 2012 லண்டனில் ஆஸ்திரேலியர் மைக்கேல் நாப்ஸ் இருந்தார், எல்லா ஆட்டத்திலும் தோற்றுக் கடைசி இடமான பன்னிரண்டில் நின்றோமே? உண்மைதான். ஆனால் அவர்களுக்கு எவ்வளவு காலம் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராக் வந்தது ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களுக்கு முன்பு. நாப்ஸுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஓராண்டு. டெர்ரி வால்ஷ் 2014 இஞ்சியானில் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கத்தை மீட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் விலகினார். 2015-ல் வந்த டச்சுக்காரர் பால் வான் ஆஸ் சில மாதங்களே நீடித்தார். ஆண்ட்வெர்ப் போட்டியின்போது மைதானத்திலேயே சம்மேளனத் தலைவரோடு வாக்குவாதம் ஏற்பட்டது, அத்தோடு வெளியே அனுப்பப்பட்டார். இவர்களுடைய தோல்வி என்று நாம் கணக்கில் வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் நம் பொறுமையின்மையின் தோல்வி.

பொறுத்திருந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியர் கிரஹாம் ரீட் 2019-ல் பொறுப்பேற்றார். 2021 ஜூலை 25 அன்று டோக்கியோவில் அவருடைய சொந்த நாடே நம்மை 7-1 என்று நொறுக்கியது. பழைய வழக்கப்படி என்றால் அன்றே கத்தியைத் தீட்டியிருப்பார்கள். ஒலிம்பிக் நடுவில் இருந்ததால் அது நடக்கவில்லை. பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த அதே அணி 5-4 என்று வென்று, நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்தைத் தொட்டது. கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்த காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள்.

2023 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் ஒன்பதாம் இடம். ரீட் விலகினார். மறுபடியும் அதே குரல், இனிமேலாவது இந்தியர் ஒருவரைப் போடுங்கள் என்று. நல்லவேளை, ஹாக்கி இந்தியா செவிசாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்கர் கிரெய்க் ஃபுல்டனைக் கொண்டுவந்தது. டோக்கியோ அரையிறுதியில் பெல்ஜியம் நம்மை 5-2 என்று தோற்கடித்தபோது அந்த அணியின் துணைப் பயிற்சியாளராக எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர். நம்மை வீழ்த்தத் திட்டம் போட்டவர்களில் ஒருவருக்கு நம் ஓட்டைகள் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவரைக் கூப்பிட்டு அடைக்கச் சொன்னது புத்திசாலித்தனம்.

ஃபுல்டனின் கொள்கை, வெல்வதற்காகத் தற்காப்பது. உடனே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இந்தியாவின் ஆட்டம் தாக்கும் ஆட்டம், இவர் நம் இயல்பையே கெடுக்கிறார் என்றார்கள். இதற்கான பதிலை 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸில் பார்த்தோம். பிரிட்டனோடு காலிறுதி. பதினேழாவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பெனால்டி கார்னர் அடிக்கும்போது பந்தை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுகிறவர் அவர்தான். உடம்பைப் பணயம் வைக்கிற வேலை அது. அவரை இழந்து, மீதி நாற்பத்து மூன்று நிமிடங்களைப் பத்துப் பேராக ஆட வேண்டும். வழக்கமான இந்திய அணி என்றால் ஆத்திரத்தில் முன்னே பாய்ந்து பின்னால் திறந்துவிட்டிருக்கும். அன்று அப்படி நடக்கவில்லை. நடுக்கள வீரர்கள் பின்வாங்கி டி-யின் வாசலில் நெருக்கமாக நின்றார்கள். பந்து இடமிருந்து வலம் போனால் மொத்த வரிசையும் ஒரே வீச்சில் நகர்ந்தது. பிரிட்டன் ஓரங்களில் சுற்றிச் சுற்றி வந்தது, நடுவில் புகும் வழி கிடைக்கவில்லை. பெனால்டி கார்னர் கிடைத்தபோதெல்லாம் ரோஹிதாஸின் இடத்தில் இன்னொருவர் பாய்ந்தார். ஹர்மன்பிரீத் ஒரு கோல் போட்டார், பிரிட்டன் சமன் செய்தது, அதற்கு மேல் ஒரு கோல்கூட விடவில்லை. ஷூட்-அவுட்டில் 4-2 என்று வென்றோம். நான்கு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என்று வீழ்த்தி, ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் பதக்கம் பெற்றோம். நம் இயல்பு என்று எதைச் சொல்கிறோமோ அதில் ஒரு பகுதி வெறும் பழக்கம்தான். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது கண்ணில் படுகிறது.

தேசப்பற்று வாதத்துக்கு வருகிறேன். வேறொரு நாட்டவர் நம் அணிக்காக உயிரைக் கொடுத்து உழைப்பாரா, முக்கியமான நேரத்தில் சொந்த நாட்டுக்கு எதிராகத் திட்டம் போடுவாரா என்று கேட்கிறார்கள். 1990-ல் லாகூரில் நடந்த உலகக் கோப்பை ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே நெதர்லாந்து வீழ்த்தியது. நெதர்லாந்தின் பயிற்சியாளர் ஹான்ஸ் யோரிட்ஸ்மா. அதே மனிதரைப் பாகிஸ்தான் தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. 1994-ல் சிட்னியில் உலகக் கோப்பை இறுதி. எதிரே நிற்பது அவருடைய தாய்நாடு. 1-1 என்று சமனாகி, பெனால்டி ஸ்ட்ரோக்கில் பாகிஸ்தான் கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு பாகிஸ்தான் உலகக் கோப்பையை வென்றதே இல்லை. தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறது. மருத்துவர்களிடமும் ஆசிரியர்களிடமும் அது இருப்பதாக நம்புகிறோம். விளையாட்டுப் பயிற்சியாளரிடம் மட்டும் இருக்காது என்று எதை வைத்து முடிவுகட்டுகிறோம்?

நாமும் வெளிநாட்டுக்குப் பயிற்சியாளர்களைக் கொடுத்த நாடுதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மகளிர் கபடி இறுதியில் ஈரான் இந்தியாவை 27-24 என்று தோற்கடித்தது. ஈரான் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். அவரை யாரும் துரோகி என்று சொல்லிவிடக் கூடாது. அவர் தன் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்தார். இந்தியப் பெண் ஒருவர் தெஹ்ரானில் அதைச் செய்யலாம் என்றால், தென்னாப்பிரிக்கர் ஒருவர் பெங்களூரில் செய்யலாம். ஹாக்கியே இப்படித்தான் உலகம் சுற்றியது. ஜபல்பூரில் பிறந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பியர்ஸ் சகோதரர்கள் ஐந்து பேரும் ஆஸ்திரேலியாவுக்காக ஆடினார்கள். மூன்று பேர் 1956 ஒலிம்பிக் அணியில் இருந்தார்கள். இந்தியாவில் கற்ற ஆட்டத்தை வாங்கிக்கொள்ள ஆஸ்திரேலியா கூச்சப்படவில்லை.

அடுத்தது மொழி, பண்பாடு. நம் பிள்ளைகளின் மனம் நம்மவருக்குத்தான் புரியும் என்கிறார்கள். யார் அந்த நம்மவர்? இந்திய ஹாக்கி அணியில் பஞ்சாப் கிராமத்துப் பையன் இருக்கிறான், ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடி இளைஞன் இருக்கிறான், மணிப்பூர்க்காரன் இருக்கிறான். அரியலூரிலிருந்து கார்த்தி செல்வம் போனார். ஜலந்தரிலிருந்து வருகிற ஒரு பயிற்சியாளருக்குக் கார்த்தியின் தமிழோ, அவர் வளர்ந்த வீடோ, அவர் சாப்பிட்ட சாப்பாடோ பிறப்பிலேயே தெரிந்துவிடுமா? கற்றுக்கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுல்டனும் அதையேதான் செய்ய வேண்டும். 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையில் அவருடைய அணியில்தான் கார்த்தி சொந்த மாநிலத்து ரசிகர்கள் முன்னால் ஆடினார். இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது மலேசியாவிடம் 3-1 என்று பின்தங்கியிருந்த அணி 4-3 என்று வென்றது. இடைவேளையில் பேசியது எந்த மொழியாக இருந்தால் என்ன, வீரர்களுக்குப் புரிந்தது.

வெளிநாட்டவரிடம் இருக்கிற மிகப் பெரிய பலம் அவருக்கு இங்கே யாரும் இல்லை என்பது. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். நம் ஹாக்கி வீரர்களில் பெரும்பாலோர் ரயில்வேயிலும் எண்ணெய் நிறுவனங்களிலும் காவல்துறையிலும் வேலை பார்க்கிறவர்கள். நம் பயிற்சியாளர்களும் அதே நிறுவனங்களிலிருந்துதான் வருகிறார்கள். அவருக்கு ஒரு மாநிலச் சங்கம் உண்டு, பழைய சகா உண்டு, சகாவின் மகன் உண்டு, நாளை ஓய்வுக்குப் பிறகு தேர்வுக்குழுவில் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் உண்டு. தனிமனிதர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் யாரை உட்காரவைத்தாலும் நெருக்கடி வரும் என்கிறேன். 2008-ல் அணித் தேர்வுக்காகப் பணம் கைமாறுவதாக ஒரு தொலைக்காட்சி ரகசிய ஒளிப்பதிவு வெளியிட்டதும், அதையடுத்து அன்றைய ஹாக்கி சம்மேளனமே இடைநீக்கம் செய்யப்பட்டதும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட சூழலில் எந்தச் சங்கத்துக்கும் கடன்படாத ஒருவர் தேர்வு அறையில் உட்கார்ந்து “இந்தப் பையன் வேண்டும், அந்தப் பையன் வேண்டாம்” என்று சொல்வது விலைமதிப்பில்லாதது. வான் ஆஸ் தலைவரோடு மோதிவிட்டு ஊருக்குப் போனார். நம்மவர் மோதிவிட்டு எங்கே போவார்?

உள்நாட்டுப் பயிற்சியாளர்களின் வாய்ப்பு பறிபோகிறது என்ற வாதத்தில்தான் கொஞ்சம் நெஞ்சு கனக்கிறது. ஹரேந்திர சிங்கின் கதையைப் பார்த்தால் அது புரியும். 2016 டிசம்பரில் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்று கொடுத்தவர் அவர். அந்த அணியின் ஹர்மன்பிரீத், மன்தீப், சிம்ரன்ஜீத் போன்றவர்கள்தான் பின்னர் டோக்கியோவில் பதக்கம் வென்ற அணியின் உடம்பும் உயிரும். 2018-ல் அவரைச் சீனியர் அணிக்குக் கொண்டுவந்தார்கள். உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்றதும், வந்த ஓராண்டுக்குள் நீக்கிவிட்டார்கள். அது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது எந்த வெளிநாட்டவரும் அல்லர். வான் ஆஸைத் துரத்திய அதே அவசர புத்தி ஹரேந்திர சிங்கையும் துரத்தியது. தேசிய அணி என்பது ஒரே ஒரு நாற்காலி. நம் பயிற்சியாளர்களுக்கு வேலை வேண்டுமென்றால் மாவட்ட விடுதிகளிலும் அகாடமிகளிலும் ஜூனியர் அணிகளிலும் முழுநேரச் சம்பளத்தோடு ஆயிரக்கணக்கான நாற்காலிகள் போட வேண்டும். கோவில்பட்டி போன்ற ஹாக்கி ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளைச் செதுக்குகிறவர்களுக்குக் கௌரவமான ஊதியம் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். அதை விட்டுவிட்டு அந்த ஒற்றை நாற்காலியில் யார் உட்காருவது என்று சண்டை போடுவதால் ஒரு பயிற்சியாளரும் உருவாகப் போவதில்லை.

வெளிநாட்டவர்கள் நம்மவர்களை உருவாக்கவும் செய்கிறார்கள். ஸ்ரீஜேஷ், வால்ஷ், ரீட், ஃபுல்டன் ஆகியோரின் கீழ் ஆடிவிட்டு, பாரிஸ் முடிந்ததும் ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். 2025 டிசம்பரில் சென்னையில் அந்த அணி ஜூனியர் உலகக் கோப்பை வெண்கலம் வென்றது.

கால்பந்து உலகக் கோப்பையை இதுவரை எந்த நாடும் அயல்நாட்டுப் பயிற்சியாளரோடு வென்றதில்லை என்பது எதிர்த்தரப்பின் பிரம்மாஸ்திரம். 2022 வரை நடந்த 22 கோப்பைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்த 22-ஐயும் வென்றவை மொத்தம் எட்டே நாடுகள். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பயிற்சிக் கலை தலைமுறைகளாக ஊறிக்கிடக்கிறது. அவர்களுக்கு வெளியே தேட அவசியமில்லை. அவர்களைப் பார்த்து நாம் நடந்துகொள்வது, பட்டம் வாங்கியவர் புத்தகத்தை மூடிவிட்டார் என்பதற்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் மூடிவைப்பதைப் போன்றது. நாம் பார்க்க வேண்டியது ஜப்பானை. 1960-ல் ஜெர்மானியர் டெட்மார் கிராமரை ஜப்பான் அழைத்தது. அவர் அணிக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிற்காமல், நாடு தழுவிய லீக் வேண்டும் என்றார். 1965-ல் லீக் வந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. பிறகு 1992-ல் டச்சுக்காரர் ஹான்ஸ் ஊஃப்ட் வந்து, அதிகம் அறியப்படாத ஹஜிமே மொரியாசு என்ற நடுக்கள வீரரைத் தேசிய அணிக்கு எடுத்தார். அந்த ஆண்டே ஜப்பான் முதல்முறை ஆசியக் கோப்பையை வென்றது. 2022 கத்தாரில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்திய ஜப்பான் அணியின் பயிற்சியாளர் அதே மொரியாசு. சொந்த நாட்டவர் பயிற்சி கொடுக்கும் நிலைக்கு ஜப்பான் வந்தது, பல பத்தாண்டுகள் பிறரிடம் படித்த பிறகு.

நம் கால்பந்தில் இது ஏன் நடக்கவில்லை? பாப் ஹவுட்டன் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு 2011 ஆசியக் கோப்பைக்கு அழைத்துப்போனார். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2015-ல் 173-ஆம் இடத்தில் இருந்த அணியை 2017-ல் நூறுக்குள் கொண்டுவந்தார். ஓர் அயல்நாட்டவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கீழே லீக் ஒழுங்காக நடக்க வேண்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆண்டு முழுக்க ஆட்டம் கிடைக்க வேண்டும். அது சம்மேளனத்தின் வேலை. இகோர் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு, ஓராண்டுக்குள் அவரை நீக்கி, 4 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்ததும் அதே சம்மேளனம்தான். வெளிநாட்டவருக்குப் பணம் விரயமாகிறது என்று சொல்கிறவர்கள் அந்த ரசீதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சையத் அப்துல் ரஹீமை வைத்தும் வாதாடுகிறார்கள். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்த மேதையை வணங்குகிறேன். ஆனால் 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு ரஹீம் ஐரோப்பிய ஆட்டமுறைகளை உட்கார்ந்து படித்தார், நம் அணியை அதற்கேற்ப மாற்றினார். வெளியிலிருந்து கற்க அவர் தயங்கியதே இல்லை. அவர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்துவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வெள்ளைத் தோல் என்பதற்காகவே ஒரு சராசரி ஐரோப்பியரைத் தகுதியுள்ள இந்தியருக்கு மேலே உட்காரவைத்தால், அதையும் நான் இதே வேகத்தில் எதிர்ப்பேன். என் அளவுகோல் ஒன்றுதான். அவர் இதுவரை எந்த அணியை எங்கிருந்து எங்கே கொண்டுபோனார் என்பதைக் காட்டட்டும்.

விளையாட்டுச் சம்மேளனங்களில் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயிற்சியாளர் எந்த நாட்டவரானாலும் ஓர் ஒலிம்பிக்கிலிருந்து அடுத்த ஒலிம்பிக் வரை நான்கு ஆண்டு கொடுங்கள். அணித் தேர்வில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கட்டும். இரண்டு இந்தியத் துணைப் பயிற்சியாளர்களை உடன் வைத்து, அவர்களைத் தயாரிப்பதை அவருடைய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிற்கு முன் நம் ஹாக்கி அணி சில ஆட்டங்களில் தோற்கத்தான் செய்யும். அன்றைக்குப் பயிற்சியாளரின் பாஸ்போர்ட்டைக் காட்டி அவரை வெளியே அனுப்பச் சொல்லும் குரல் எழுந்தால், அதோடு உங்கள் குரலைச் சேர்க்காதீர்கள்.